தோணித்துறையின் பதில்களுக்கு எண் போட்டவள்

சென்னையில் நின்றுகொண்டு "நான் கோடிங் பண்றேன்" என்று ஒரே ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி, வேளச்சேரியில் பிளாட் எத்தனையாவது மாடி என்பதாகத்தான் இருக்கும். அதற்கடுத்தது, அமெரிக்கா எப்போது. அன்புக்கரசிக்கு இந்தக் கேள்விகள் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருந்தன. பதினெட்டு வருஷமாக அவள் செய்தது கோடிங்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கு உத்தரவு போடுகிற வரி ஒன்றைக்கூட அவள் எழுதியதில்லை. அவள் இருந்தது அடையாற்றங்கரையில், ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பின்பக்கம், தோணித்துறை என்ற குடியிருப்பில். மாடியே கிடையாது. மழை வந்தால் தரையும் கிடையாது.

பி.காம். முடித்ததும் முதல் வேலை தி. நகர் ஜவுளிக்கடையில். சேலையில் தொங்குகிற சீட்டில் விலைக்குக் கீழே சின்னதாக மூன்று நான்கு எழுத்து இருக்கும். எவ்வளவு வரை இறங்கலாம் என்று விற்கிறவளுக்கு மட்டும் தெரிகிற எழுத்து. அதையும் கோட் என்றுதான் சொன்னார்கள். மற்றப் பெண்கள் ஒரு மாதம் தடவிக்கொண்டிருந்ததை அன்புக்கரசி ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள். அப்புறம் ஒரு பயிற்சி வகுப்பு, தேனாம்பேட்டையில் மெடிக்கல் கோடிங். அமெரிக்க டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு ஒரு எண், வைத்தியத்துக்கு ஒரு எண். அந்தப் புத்தகத்தில் வாத்து கடித்தால் ஓர் எண், ஆமை கடித்தால் இன்னோர் எண். "அந்த ஊர்ல ஆமை எதுக்குமே கடிக்குது?" என்று அவள் அம்மா கேட்டு, தெருவே சிரித்தது. மூன்று வருஷம் கழித்து அந்தக் கம்பெனிக்காரன் ஒரு வெள்ளிக்கிழமை எண்பது பேரை வீட்டுக்கு அனுப்பினான். எண்பதில் இவளும் ஒருத்தி.

அவள் புருஷன் சேரன் அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு ஆள். ஒலிபெருக்கியில் "கோட் புளூ" என்று சொன்னால் எங்கோ ஒருவருக்கு மூச்சு நின்றுவிட்டது என்று அர்த்தம். தின்கிற சோற்றைப் போட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். "உன் கோடுக்கு உக்காந்துக்கினே இருக்கலாம், என் கோடுக்கு ஓடணும், அதான் வித்தியாசம்" என்பான் அவன்.

மூன்றாவது வேலைதான் அவளுக்கு நிலைத்தது. தி. நகரில் ஒரு சந்துக்குள் இரண்டாம் மாடியில் துலாம் என்று ஒரு சர்வே கம்பெனி. அங்கே செய்த கோடிங் வேறு. பற்பசை ஏன் பிடிக்கிறது என்று ஊரெல்லாம் போய்க் கேட்டு வருவார்கள். ஜனங்கள் வாய்க்கு வந்தபடிதானே சொல்லும்? "வாயெல்லாம் கமகமன்னு கீது" என்பாள் ஒருத்தி. "எங்க வூட்டுக்காரர் அதான் வாங்கியாறாரு" என்பாள் இன்னொருத்தி. இந்தப் பேச்சையெல்லாம் மிஷின் எண்ணாது. அதனால் முதலில் நூறு பதிலை உட்கார்ந்து படித்து, எத்தனை வகை இருக்கிறது என்று பட்டியல் போட்டு, ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். வாசனை ஏழு. புருஷன் வாங்குவது பன்னிரண்டு. பிறகு ஆயிரம் பேர் சொன்னதையும் அந்த எண்களுக்குள் அடைக்க வேண்டும். ஓர் ஆள் சொன்னதை அவன் நினைத்த மாதிரியே எண்ணாக்குவது சாமான்ய வேலை இல்லை. அன்புக்கரசி அதில் கெட்டிக்காரி. அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, வேறு எதில் அவளைக் கர்வப்பட விட்டார்கள்?

அந்தப் பிரிவுக்குத் தலைவி ஸ்ரீரஞ்சனி. மயிலாப்பூர்க்காரி, கோவிலுக்குப் பக்கத்துத் தெருவிலேயே மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம், புள்ளியியலில் பெரிய படிப்பு. ஆனால் வியாசர்பாடிப் பெண்மணி ஒருத்தி சொன்ன பதில் வந்தால் பேந்தப் பேந்த முழிப்பாள். "அன்பு, 'பேஜாரு'ன்னா கோவமா, அலுப்பா? நீயே சொல்லிடும்மா, நான் எழுதிண்டுடறேன்."

"ரெண்டும்தான் மேடம். ஆனா கோவம் கம்மி, அலுப்பு ஜாஸ்தி."

இப்படியே பதினோரு வருஷம். இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். சேரன் மஞ்சள்காமாலையில் படுத்தபோது ஸ்ரீரஞ்சனி தன் மைத்துனர் டாக்டரைத் தோணித்துறைக்கே அழைத்துக்கொண்டு வந்தாள். சேற்றில் செருப்பு புதைந்ததையும் பொருட்படுத்தாமல் வீட்டுக்குள் வந்து பாயில் உட்கார்ந்தாள். "மேடம் மத்தவங்க மாதிரி இல்ல" என்று அன்புக்கரசி அன்றைக்குச் சொன்னதைத் தெரு முழுக்கக் கேட்டது. சொன்னவளை என்ன சொல்ல? அவளிடம் பொய் இல்லை. நம்பினாள், அவ்வளவுதான்.

போன வருஷம் ஆற்றங்கரையைச் சீர்படுத்துகிற ஒரு திட்டத்துக்காகத் துலாமுக்கு ஒரு சர்வே வந்தது. இடம் தோணித்துறை. நானூற்றுப் பன்னிரண்டு வீடு. கேள்வி ஒன்றுதான் முக்கியம்: வேறு இடத்தில் வீடு தந்தால் இங்கிருந்து போவீர்களா, ஏன்? ஜனங்கள் சொல்வதைப் பொறுத்து அங்கேயே கட்டுவதா, முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடுவதா என்று முடிவாகும்.

யார் கதவைத் திறப்பார்கள்? பத்து வருஷத்துக்கு முன் பக்கத்துக் குப்பத்தில் இப்படித்தான் காகிதத்தோடு வந்து பெயர் கேட்டார்கள், ரேகை வாங்கினார்கள். மறு மாதம் லாரி வந்தது. தோணித்துறைக்காரர்கள் அதைக் கண்ணால் பார்த்தவர்கள். சர்வேக்குப் போன துலாம் ஆட்கள் மூன்று நாளும் வசவு வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினார்கள்.

நாலாம் நாள் ஸ்ரீரஞ்சனி அன்புக்கரசியின் நாற்காலிக்கு வந்தாள். "அன்பு, நீ கூடப் போனாத்தான் நடக்கும். உன் தெரு. நீ சொன்னா கேப்பா."

அன்புக்கரசி பேனாவை மூடி வைத்தாள். "மேடம், நாளைக்கு ஏதாச்சும் ஏடாகூடமா ஆச்சுன்னா நான் அங்க குடியிருக்க முடியாது."

"என்ன ஆயிடும்? அவா சொல்றதுக்கு எண் போடப்போறது யாரு? நீதானே? நீ போட்ட எண்ல ஒண்ணைக்கூட நான் மாத்த மாட்டேன். சத்தியமாச் சொல்றேன்." ஸ்ரீரஞ்சனி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பிடித்த கை சூடாக இருந்தது.

அவள் போனாள். வீடு வீடாக நின்று, "பதில் சொல்லு. பயப்படாத. நீ சொல்றதுக்கு எண் போடுறது நான். உன் வாயில வந்தது அப்டியே போவும்" என்று தன் தலையை அடகு வைத்தாள். குடியிருப்போர் சங்கத் தலைவர் சின்னப்பையன், பெயின்ட் அடிக்கிற மேஸ்திரி, அவளுக்கு மாமா முறை. அவர் வாசலில் மட்டும் அரைமணி நேரம் ஆனது.

"நீ இன்னா, அவுங்க ஆளா, நம்ம ஆளா?"

"நம்ம ஆளு மாமா. அதான வந்து நிக்கிறேன்."

"சரி, எழுதிக்கோ. இங்கியே கட்டிக் குடுக்கட்டும். கட்டி முடிக்கிற வரைக்கும் ரெண்டு வருசம் எங்கனா தள்ளி இருந்துக்குறோம். சாவிய எங்கையில குடுக்கணும். வேற ஊருக்குப் போன்னா, போவ மாட்டோம். ஆத்துலயே வுழுந்து சாவோம்."

சின்னப்பையன் கதவு திறந்ததும் மற்றக் கதவுகள் தானாகத் திறந்தன. வேலைக்குப் போனவர்கள் விட்டுப்போகக் கூடாதென்று ஞாயிற்றுக்கிழமையும் போய் நானூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் பதில் வாங்கினார்கள்.

எண் போட உட்கார்ந்தபோது ஒவ்வொரு குரலும் அவள் காதில் கேட்டது. இரட்டைப் பதில்கள்தான் அதிகம்: இங்கேயே கட்டினால் சரி, இல்லாவிட்டால் முடியாது. இதை "சரி"யில் போடுவதா, "முடியாது"வில் போடுவதா? சோம்பேறி எவளாவது இருந்தால் ஏதோ ஒன்றில் தள்ளியிருப்பாள். அன்புக்கரசி அதற்கென்றே தனி எண் உண்டாக்கினாள். பதினான்கு. "இங்கேயே கட்டித் தந்தால் மட்டும், அதுவரை விலகி இருப்போம்." அதில் இருநூற்று எண்பத்தேழு வீடு வந்தது. எங்கே வேண்டுமானாலும் போகிறோம் என்றவர்கள் முப்பத்தொரு வீடு. தண்ணீர் ஓரத்தில் இருப்பவர்கள், வருஷா வருஷம் சாமான் மிதப்பதைப் பார்த்து வெறுத்தவர்கள். எதற்குமே அசைய மாட்டோம் என்றவர்கள் தொண்ணூற்றுநான்கு. எல்லாம் சுத்தமாக இருந்தது. ஒரு குரல்கூடக் கெடவில்லை.

அவள் செய்த தப்பு அதற்கு அடுத்த படியில். எண் போட்ட பிறகு, சின்னச் சின்ன எண்களையெல்லாம் ஒரு பெரிய தலைப்பின் கீழ் சேர்ப்பார்கள். வாசனை, ருசி, நுரை மூன்றையும் சேர்த்து "வாய்க்கு இதமாக இருக்கிறது" என்று அட்டவணையில் ஒரு வரியாக்குவார்கள். பதினோரு வருஷமாக அந்தச் சேர்க்கிற வேலை ஸ்ரீரஞ்சனியுடையது. அன்புக்கரசி அந்தப் பக்கமே திரும்பியதில்லை. பற்பசையில் எதை எதோடு சேர்த்தாலும் யார் வீடும் இடியாது பாருங்கள், அந்தப் பழக்கம்.

அடுத்த மாதமே அவளுக்குச் சீனியர் பதவி வந்தது. தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்தாள். சின்னப்பையனும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

சர்வே முடிவைச் சொல்கிற கூட்டம் ஒரு ஞாயிறு காலை, மாநகராட்சிப் பள்ளி மைதானத்தில். ஷாமியானா போட்டு, மைக் வைத்து, திட்ட ஆலோசகர் என்று ஓர் இளைஞன் படித்தான். "உங்க எல்லார் கருத்தையும் கேட்டிருக்கோம். இங்கிருந்து காலி செய்யச் சம்மதம்னு நூத்துக்கு எழுபத்தேழு குடும்பம் சொல்லியிருக்காங்க. அதனால..."

கூட்டம் முதலில் தனக்குக் காதில் சரியாக விழவில்லை என்றே நினைத்தது. பிறகு இரைச்சல் எழும்பியது. "யார்ரா சொன்னது?" என்று நாலு பக்கமும் கத்தினார்கள். இளைஞன் மிரண்டுபோய்க் காகிதத்தைப் புரட்டினான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வரி அகப்பட்டது. அதை மைக்கில் உரக்கப் படித்தான்: "வெளி ஆளுங்க யாரும் இல்லைங்க. உங்க பதில்களை வகைப்படுத்தினது இந்தக் குடியிருப்பிலேயே வசிக்கிற திருமதி அன்புக்கரசி. ரிப்போர்ட்லயே பேர் போட்டிருக்கு."

பாவி, அந்தப் பெயரை இரண்டு தரம் படித்தான்.

நானூறு வீட்டு ஜனமும் திரும்பி அவளைப் பார்த்தது. அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். முப்பத்தொன்று. அதோடு இருநூற்று எண்பத்தேழு. முந்நூற்றுப் பதினெட்டு. எழுபத்தேழு சரியாக வந்தது. ஐயோ, மேடம் பதினான்கைச் சம்மதத்தோடு சேர்த்துவிட்டாள்!

"மாமா, நான் அப்டிப் போடல" என்றாள். சின்னப்பையன் அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் நின்ற இடத்திலிருந்து நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

திங்கட்கிழமை ஆபீசில் பையைக்கூட வைக்காமல் நேரே ஸ்ரீரஞ்சனி அறைக்குப் போனாள்.

"மேடம், பதினாலை எதுல சேத்தீங்க?"

ஸ்ரீரஞ்சனி கதவைச் சாத்தினாள். "உக்காரு அன்பு."

"எதுல சேத்தீங்க?"

"காலி பண்றோம்னுதானே அவா சொல்றா? நிபந்தனையோட சம்மதம். அதுவும் சம்மதந்தான். எந்தப் புஸ்தகத்துல வேணும்னாலும் பாரு."

"இங்கியே கட்டினா மட்டும்னு நான் எழுதி வெச்சிருந்தேன். அந்த 'மட்டும்' எங்க மேடம்?"

"பின்னிணைப்புல இருக்கு. நூத்திப் பன்னெண்டாவது பக்கம். நான் எதையும் அழிக்கலை. நீ போட்ட எண்ல ஒண்ணைக்கூட மாத்தலை. சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருக்கேன்." சொல்லிவிட்டு அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "கிளையன்ட் மூணு தரம் திருப்பி அனுப்பிச்சான் அன்பு. மறுப்புன்னு போட்டா திட்டமே படுத்துடும்கறான். அடுத்த ரெண்டு வருஷத்து வேலை அவன்கிட்டதான் இருக்கு. இங்க முப்பது பேர் சாப்பிடறோம். நான் என்ன பண்ணட்டும்?"

"என் பேரை எதுக்குப் போட்டீங்க?"

ஸ்ரீரஞ்சனி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள். "நம்பகத்தன்மைக்கு" என்றாள்.

எண்களை மாற்றியிருந்தால் அன்புக்கரசி கத்தியிருக்கலாம், புகார் செய்திருக்கலாம். ஒன்றையும் மாற்றாமலே கழுத்தை அறுத்துவிட்டாள் மனுஷி. பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட கை. சீனியர் பதவி எதற்கு வந்தது என்பதும் அந்த நிமிஷம் விளங்கியது.

"உங்கள எங்க வூட்டுப் பாயில உக்கார வெச்சேனே மேடம்" என்றாள். அன்றைக்கே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

இறங்கியதோடு விடவில்லை. திட்டக்காரர்களுக்குக் கடிதம் எழுதினாள். துலாமிலிருந்துதான் பதில் வந்தது: ஆபீஸ் விவரங்களை வெளியில் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய், மீறினால் வழக்கு. அவள் உட்கார்ந்து எண் போட்ட காகிதமெல்லாம் அந்த இரண்டாம் மாடியில். கையில் ஒரு துண்டும் இல்லை.

தெருவில் அவளுக்குப் புதுப் பெயர் வந்தது. கோடுக்காரி. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுவிடும். "கோட் போட்டு நம்மளயே வித்துட்டாளே, சீனியராம்!" என்று ஃபிர்தௌஸ், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், இவள் காதில் விழும்படியே சொன்னாள். அன்புக்கரசி விளக்கப் போய், பதினான்கு, சேர்க்கை, தலைப்பு என்று ஆரம்பித்தால், "திரும்பவும் நம்பரா? ஆள வுடு தாயே" என்றுவிட்டுப் போவார்கள்.

தோணித்துறை சும்மா இருக்கவில்லை. மறியல் செய்தார்கள். இரண்டு மணி நேரம் வண்டி நகரவில்லை. அதிகாரிகள் வந்து பேசி, சரி, பத்து நாளில் மறுபடி கேட்கிறோம் என்று ஒப்புக்கொண்டார்கள். மறு சர்வே. கேட்கப்போவது அதே துலாம்தான். தெரு கூடி ஒரு தீர்மானம் போட்டது: இந்தத் தடவை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. வாயைத் திறந்ததால்தானே இவ்வளவும். கேட்டால் "சொல்ல மாட்டோம்" என்று கதவைச் சாத்து.

சேரன் கூட்டத்திலிருந்து வந்து இதைச் சொன்னபோது அன்புக்கரசி அடுப்பை அணைத்துவிட்டு எழுந்தாள்.

"யோவ், அது மட்டும் பண்ணக் கூடாதுய்யா!"

"ஏன்?"

"சொல்ல மாட்டேன்னா அதுக்கும் ஒரு எண் கீது. தொண்ணூத்தொம்போது. அத நூத்துக்கு எத்தினின்னு போடறப்போ கணக்குலியே சேக்க மாட்டாங்க. பதில் சொன்னவங்கள மட்டும்தான் எடுப்பாங்க. தண்ணி ஓரத்துல கீறவங்க முப்பத்தியொரு வூடு சரின்னு சொல்லுவாங்க. அவுங்களுக்கு வேற வழி இல்ல, சொல்லத்தான் சொல்லுவாங்க. மீதி எல்லாரும் கதவ சாத்துனா, அந்த முப்பத்தியொண்ணுதான் மொத்தத் தோணித்துறையும். நூத்துக்கு நூறு சம்மதம்னு வரும்யா!"

சேரன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். அவனுக்குப் புரிந்தது. புரிந்துதான் என்ன? "தெரு மொத்தமும் ஒண்ணு சொல்லுது. நீ போய் மாத்திச் சொன்னா அடிக்க வருவாங்க" என்றான்.

வந்தால் வரட்டும் என்று அவள் போனாள். முதல் தடவை ஏறின அதே வாசல்கள். "பதில் சொல்லுங்க. ஆனா அது தந்தா இது தந்தான்னு எதுவும் வேணாம். 'போவ மாட்டோம்'னு ஒரே வார்த்த. அத ஒண்ணும் பண்ண முடியாது." பாதி வீட்டில் கதவே திறக்கவில்லை. திறந்தவர்கள் கையைக் கூப்பிக் கும்பிட்டு, போ என்றார்கள். ஃபிர்தௌஸ் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு வாரத்துக்கு அவள் காதை விட்டுப் போகவில்லை.

சின்னப்பையன் மட்டும் கேட்டுக்கொண்டார். கையிலிருந்த பெயின்ட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபடி முழுசாகக் கேட்டார்.

"மாமா, வகுப்புல பத்து பேர் கீறாங்க. ஏழு பேர் பேசவே இல்ல. மூணு பேர் கை தூக்கினா அந்த மூணுதான் கணக்கு. அதான் விசயம்."

"மொத தபா வந்து இன்னா சொன்ன?" என்றார் அவர்.

"பதில் சொல்லுன்னு..."

"இப்ப வந்து இன்னா சொல்ற?"

"பதில் சொல்லுன்னுதான் மாமா. ஆனா..."

"அதியேதான சொல்ற?" அவர் குரலில் கோபம்கூட இல்லை. "அந்தம்மா உன்ன அனுப்புச்சா?"

"மாமா! என் புள்ளைங்க மேல சத்தியமா..."

"புள்ளைங்கள இதுல இழுக்காத. போ, பொண்ணே." அவர் கதவைச் சாத்தினார்.

அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள் அன்புக்கரசி. மேடம் செய்த துரோகத்துக்குக் கோபம்தான் வந்தது, கண்ணீர் வரவில்லை. இதற்கு வந்தது. அவள் உண்மையைச் சொல்லும்போது அது அப்படியே கம்பெனிக்காரி பேசுகிற மாதிரி இருக்கிறதே, அதற்கு யாரிடம் போய் முறையிடுவாள்?

சர்வே அன்றைக்குத் துலாமிலிருந்து வந்தவர்களில் ஆஃப்ரீன் இருந்தாள். ஆபீசில் அன்புக்கரசிக்கு அடுத்த நாற்காலிக்காரி. காலையிலிருந்து தெரு முழுக்க நடந்து, நடுப்பகலில் கையில் டேப்லெட்டோடு இந்த வாசலுக்கு வந்தாள். தலைகுனிந்தபடியே நின்றாள்.

"அக்கா... உங்ககிட்டயும் கேக்கணும்."

சேரன் உள்ளேயிருந்து, "வேணாம் அன்பு. எல்லாரும் சாத்திட்டாங்க. நம்ம மட்டும் இன்னாத்துக்கு?" என்றான். கெஞ்சுகிற மாதிரி சொன்னான். அவனும் அந்தத் தெருவில்தானே தலைநிமிர்ந்து நடக்க வேண்டும்.

"கேளு" என்றாள் அன்புக்கரசி.

"வேற இடத்துல வீடு தந்தா, இங்கேர்ந்து போவீங்களா?"

"போவ மாட்டோம்."

"ஏன்க்கா?"

"ஏன்னு எதுவும் இல்ல. போவ மாட்டோம். அவ்ளோதான். எழுது."

ஆஃப்ரீன் எழுதினாள்.

"எத்தினி பேர் போறோம்னாங்க?" என்று அன்புக்கரசி கேட்டாள்.

"சொல்லக் கூடாதுக்கா." தெருவை ஒரு தரம் பார்த்துவிட்டு, "முப்பத்தொண்ணு" என்றாள்.

"போவ மாட்டோம்னு?"

ஆஃப்ரீன் டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நீங்க ஒருத்தர்தான்க்கா. மத்த எல்லாம் தொண்ணூத்தொம்போது."

முப்பத்திரண்டு பேரில் முப்பத்தொரு பேர். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. போன தடவையைவிட இருபது கூட. ஸ்ரீரஞ்சனிக்கு இந்தத் தடவை எதையும் எதோடும் சேர்க்க வேண்டியதே இல்லை.

ஆஃப்ரீன் போனதும் எதிர்ச் சாரியில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சின்னப்பையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. பின்னாலேயே ஃபிர்தௌஸ், இன்னும் நாலைந்து பேர். யாரோ ஒருவன் விசிலடித்தான்.

"பாத்தியா? காலையிலேர்ந்து சுத்துனாளுங்க, தண்ணி ஓரத்துக்காரங்கள வுடு, நம்மாளு ஒருத்தன் வாயத் தொறக்கல!" என்று அவர் தெருவைப் பார்த்துச் சொன்னார். பிறகு அன்புக்கரசியின் வாசலில் வந்து நின்றார். ஜெயித்தவனுக்கு வருகிற பெரிய மனசு அவருக்கும் வந்திருந்தது. "சரி வுடு, நடந்தது நடந்துபோச்சு. நீயும் சொந்தந்தான். ஆனா இன்னைக்காச்சும் எங்களோட சேந்து நீ கம்முனு இருந்திருக்கலாம் பொண்ணே."